ஆக்டோபஸ் ஆராய்ச்சியும் ஒரு மாணவியின் கேள்வியும்: சைக்கடெலிக் பொருட்கள் சமூக நடத்தையை மாற்றுமா?

கேள்வி – பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியை. சென்ற வாரம் நரம்புணர்வு கடத்திகளைப் பற்றிய பாடத்தில் செரோட்டோனினை விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி எழுந்து தான் கைப்பேசியில் பார்த்த காணொளி ஒன்றைப் பற்றிக் கேட்டாள். தனித்தே வாழும் இயல்புள்ள ஆக்டோபஸுக்கு, நம் கடற்கரை மக்கள் பேய்க்கணவாய் என்று சொல்லும் அந்த உயிரினத்துக்கு, ஒரு போதைப்பொருளைக் கொடுத்தவுடன் அது இன்னோர் ஆக்டோபஸோடு ஒட்டி உறவாடத் தொடங்கிவிட்டதாக அந்தக் காணொளி சொன்னதாம். அவள் அத்தோடு நிறுத்தவில்லை. "டீச்சர், அப்படியென்றால் சாதியைச் சொல்லி வெட்டிக்கொள்கிறவர்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் சண்டை தீர்ந்துவிடாதா?" என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய ஊரில் நடப்பவற்றை ஓரளவு அறிந்தவள் என்பதால் என்னாலும் சிரிக்க முடியவில்லை.

"படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கிடைத்த கட்டுரைகளையெல்லாம் படித்துப் பார்த்தேன். போதைக் காளானில் உள்ள சைலோசைபின், எல்.எஸ்.டி., எம்.டி.எம்.ஏ. ஆகிய சைக்கடெலிக் பொருட்கள், அதாவது புலனுணர்வையும் மனநிலையையும் மாற்றும் போதைப்பொருட்கள், மூளையின் செரோட்டோனின் அமைப்பின் மீது செயல்படுகின்றன என்பது வரை எனக்குப் புரிகிறது. அதற்கு மேல் தெளிவில்லை. 'நான்' என்ற உணர்வைத் தாங்கும் ஒரு மூளை வலையமைப்பு இவற்றால் அடங்கிப்போவதால்தான் மனிதர்களுக்குள் அன்பு பெருகுகிறது என்று ஒரு கட்டுரை அடித்துச் சொல்கிறது. இந்தப் பொருட்கள் பிறரின் பேச்சுக்கு எளிதில் ஆட்படும்படி செய்துவிடும் என்று இன்னொன்று எச்சரிக்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா? மூளையில் உண்மையில் நிகழ்வது என்ன, அதற்கும் மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும் விதத்துக்கும் இடையே நிறுவப்பட்ட தொடர்பு எவ்வளவு என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். பதின்வயதுப் பிள்ளைகளிடம் சொல்லப்போகிற விடை என்பதால், மிகைப்படுத்தலும் வேண்டாம், வெறும் அச்சுறுத்தலும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி – நரம்பிழை

அம்மா, வணக்கம். எலிகளின் மூளையில் கற்றல் நிகழும் விதத்தை ஆராயும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிகிறேன். சைக்கடெலிக் பொருட்களை நானே ஆராய்ந்தவன் அல்லன். ஆனால் இத்துறையில் வெளிவரும் ஆய்வுகளை ஆர்வத்தோடு தொடர்ந்து படித்து வருகிறேன். உங்கள் மாணவியின் கேள்வி அற்பமானது அன்று. அந்த ஆய்வுகளைச் செய்தவர்களே இன்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இடத்தை அவள் நேராகத் தொட்டிருக்கிறாள்.

முதலில் அந்த ஆக்டோபஸ். அந்தச் சோதனை உண்மையாகவே நடந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய குல் டோலன் என்ற நரம்பியலாளரும், எரிக் எட்சிங்கர் என்ற ஆய்வாளரும் 2018-இல் அதை வெளியிட்டார்கள். கலிபோர்னியக் கடலைச் சேர்ந்த இருபுள்ளி ஆக்டோபஸ்களை எம்.டி.எம்.ஏ. கரைத்த நீரில் சிறிது நேரம் விட்டுவிட்டு, பிறகு மூன்று அறைகள் கொண்ட தொட்டியில் விட்டார்கள். ஓர் அறையில் கூண்டுக்குள் இன்னோர் ஆக்டோபஸும், மற்றோர் அறையில் ஒரு பொம்மையும் இருந்தன. நடு அறை வெறுமையாக இருந்தது. மருந்து கொடுக்காதபோது கூண்டிலிருந்த ஆண் ஆக்டோபஸை விட்டு ஒதுங்கியே இருந்தவை, மருந்துக்குப் பின் அதன் அருகிலேயே அதிக நேரத்தைக் கழித்தன. கூண்டின் மீது பல கைகளைப் படரவிட்டுத் தொட்டுப் பார்த்தன. சோதிக்கப்பட்டவை மிகச் சில விலங்குகளே என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஆயினும் நமக்கும் ஆக்டோபஸுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது; அவற்றின் மூளையமைப்புக்கும் நம்முடையதற்கும் ஒப்பே இல்லை. அப்படியிருந்தும் செரோட்டோனினை நரம்பணுவுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடத்திப் புரதத்தில் எம்.டி.எம்.ஏ. சென்று ஒட்டும் பகுதி இரு இனங்களிலும் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. அந்தச் சோதனையில் என்னை வியக்கவைத்தது, கைகளைப் படரவிட்ட காட்சியைக் காட்டிலும் இந்தச் செய்திதான்.

அடுத்து ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெரும்பாலான காணொளிகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகின்றன. எம்.டி.எம்.ஏ. மேற்சொன்ன கடத்திப் புரதத்தை எதிர்த்திசையில் இயங்க வைத்து, நரம்பணுவில் சேமித்துவைக்கப்பட்டிருக்கும் செரோட்டோனினை வெளியே கொட்டச் செய்கிறது. எல்.எஸ்.டி.யும் சைலோசைபினும் அவ்வாறு செய்வதில்லை. சைலோசைபின் உடலுக்குள் சைலோசினாக மாறுகிறது; அது செரோட்டோனினின் சாயலுடைய மூலக்கூறு. அதுவும் எல்.எஸ்.டி.யும் செரோட்டோனினுக்குரிய பல ஏற்பிகளில் (நரம்பணுவின் மேல் இருந்து செய்தியைப் பெறும் புரதங்களில்) 5-எச்.டி.2ஏ எனப்படும் ஒன்றில் முதன்மையாக ஒட்டிக்கொண்டு அதைத் தூண்டுகின்றன. இது வெறும் ஊகம் அன்று. சூரிச் நகரில் பிரான்ஸ் வோலன்வைடர் குழுவினர் 1998-இல், அந்த ஏற்பியைத் தடுக்கும் கீட்டன்சரின் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சைலோசைபினால் வரும் உருவெளித் தோற்றங்களும் மனமாற்றங்களும் தோன்றுவதில்லை என்று காட்டினார்கள். எல்.எஸ்.டி.யின் தாக்கம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீள்வதற்கும் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. 5-எச்.டி.2ஏ ஏற்பிக்கு நெருங்கிய உறவான இன்னொரு செரோட்டோனின் ஏற்பியின் வடிவத்தை, எல்.எஸ்.டி. அதில் ஒட்டியிருக்கும் நிலையில், 2017-இல் படமெடுத்தபோது, ஏற்பியின் ஒரு பகுதி மூடியைப் போல அந்த மூலக்கூறின் மேல் கவிந்து, அது எளிதில் வெளியேற முடியாதபடி செய்திருந்தது தெரிந்தது.

இனி, நீங்கள் படித்த 'நான்' வலையமைப்புக்கு வருகிறேன். நாம் எந்த வேலையிலும் ஈடுபடாமல் நம்மைப் பற்றியே அசைபோட்டுக்கொண்டிருக்கும்போது, மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய சில பகுதிகள் ஒத்திசைந்து இயங்குகின்றன. 2012-இல் ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸ் குழுவினர் 15 பேருக்குச் சைலோசைபினை நரம்பு வழியாகச் செலுத்திப் படமெடுத்தபோது, இப்பகுதிகளில் செயல்பாடு குறைந்ததைக் கண்டார்கள். மூளை கொழுந்துவிட்டு எரியும் என்று எதிர்பார்த்திருந்த துறைக்கு அது பெரும் வியப்பு. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டியது. ஏழே பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் மருந்துக்கு முன்பும், மருந்தின்போதும், பின்பும் மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் மீண்டும் மீண்டும் படமெடுத்தார்கள். 25 மில்லிகிராம் சைலோசைபின் பெருமூளைப் புறணி முழுவதிலும் ஒத்திசைவைக் குலைத்தது. பெரும்பகுதி சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பினாலும், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸுக்கும் அந்த வலையமைப்புக்கும் இடையிலான தொடர்பு மட்டும் சில வாரங்கள் தளர்ந்தே இருந்தது. இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியும் உண்டு: மருந்தின் தாக்கத்தில் இருந்தவர்களுக்குக் கவனத்தைக் கோரும் ஓர் எளிய வேலையைக் கொடுத்தபோது, ஒத்திசைவின் குலைவு குறைந்தது. அதாவது, மருந்து மூளைக்குள் இருக்கும்போதுகூட, அந்த மனிதர் எதில் ஈடுபட்டிருக்கிறார் என்பது மூளையின் நிலையை மாற்றுகிறது.

ஆனால் 'நான்' தளர்ந்ததால் 'அன்பு' பெருகியது என்று சொல்வதற்கு இப்படங்கள் போதா. படம் ஒன்று, நடத்தை வேறொன்று. நடத்தையைத் தனியே அளந்த ஆய்வுகளைப் பார்த்தால் சித்திரம் கலவையாக இருக்கிறது. சூரிச்சில் காத்ரின் பிரெல்லர் குழுவினர் 21 பேரைக் கணினியில் பந்தெறியும் விளையாட்டு ஒன்றில் ஈடுபடுத்தி, பாதியில் மற்ற ஆட்டக்காரர்கள் அவர்களுக்குப் பந்தே போடாமல் ஒதுக்கிவைக்கும்படி செய்தார்கள். சைலோசைபின் எடுத்தவர்களை அந்த ஒதுக்கல் குறைவாகவே வருத்தியது. ஒதுக்கலின் வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் குறைந்திருந்தது. இன்னோர் ஆய்வில், பிறரின் உணர்ச்சியைத் தாமும் உணர்வது கூடியது. ஆனால் பிறர் என்ன உணர்கிறார் என்பதைச் சரியாகக் கண்டறியும் திறனும், அறம் சார்ந்த முடிவுகளும் மாறவில்லை. பாசல் நகரில் எல்.எஸ்.டி.யைக் கொண்டு செய்த ஆய்வில், உணர்வொன்றுதல் கூடிய அதே நேரத்தில், எதிரே இருப்பவர் முகத்திலுள்ள அச்சத்தையும் துயரத்தையும் அடையாளம் காணும் திறன் குன்றியது. நெருக்கமாக உணர்கிறார், ஆனால் எதிரிலிருப்பவர் அஞ்சுவதைக் கவனிக்கத் தவறுகிறார் என்பது எனக்குக் கவலை தரும் சேர்க்கை.

உங்கள் மாணவியின் கேள்விக்கு மிக அருகில் வரும் ஆய்வு 2020-இல் சூரிச்சிலிருந்து வந்தது. பங்கேற்றவர்கள் தம் கருத்தைச் சொன்ன பிறகு, மற்றவர்களின் கருத்து இது என்று அவர்களுக்குக் காட்டப்பட்டது. எல்.எஸ்.டி. எடுத்தவர்கள் பிறர் கருத்தை நோக்கித் தம் கருத்தை அதிகமாக நகர்த்திக்கொண்டார்கள். ஆனால் அக்கருத்து தம்முடையதற்கு ஏற்கெனவே அருகில் இருந்தபோது மட்டுமே. தொலைவிலிருந்த கருத்துகளை நோக்கி அவர்கள் நகரவில்லை. தம்மைப் போன்றவர்களிடம் மேலும் நெருங்குவது என்பது சாதிப் பிணக்குக்கு மருந்தாகுமா, தீனியாகுமா என்பதை அவளே எண்ணிப் பார்க்கட்டும்.

கடைசியாக, நான் மிகவும் மதிக்கும் எலி ஆய்வுகள். குல் டோலன் குழு 2019-இல் வெளியிட்ட சோதனை இப்படி அமைந்தது. எலியை அதன் கூட்டாளிகளோடு ஒரு வகைப் படுக்கைத் துகள் பரப்பிய கூண்டில் ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் தனியாக வேறு வகைத் துகள் பரப்பிய கூண்டில் வைப்பார்கள். பிறகு இரண்டும் உள்ள பெட்டியில் விட்டு, எந்தத் துகளின் மேல் அதிக நேரம் இருக்கிறது என்று அளப்பார்கள். இளம் எலிகள் கூட்டாளிகளை நினைவூட்டும் துகளை விரும்பின. ஏறத்தாழ 42 நாள் வயதில் இந்த விருப்பம் உச்சத்தில் இருந்தது. முழு வளர்ச்சி பெற்ற எலிகளிடம் அது மறைந்துவிட்டது. உறவின் இன்பத்திலிருந்து கற்றுக்கொள்வதற்கு ஒரு பருவம் இருக்கிறது, அது மூடிக்கொள்கிறது என்பது இதன் பொருள். வளர்ந்த எலிகளுக்கு ஒரே ஒரு முறை எம்.டி.எம்.ஏ. கொடுத்தபோது அந்தப் பருவம் மீண்டும் திறந்தது. 2023-இல் அதே குழு, எம்.டி.எம்.ஏ.வும் சைலோசைபினும் இரண்டு வாரங்களுக்கும், எல்.எஸ்.டி. மூன்று வாரங்களுக்கும், ஆப்பிரிக்கச் செடியொன்றிலிருந்து கிடைக்கும் ஐபோகெய்ன் நான்கு வாரங்களுக்கும், மயக்க மருந்தாகிய கெட்டமின் வெறும் 48 மணி நேரத்துக்கும் அந்தப் பருவத்தைத் திறந்துவைக்கின்றன என்று காட்டியது. கோகெய்ன் திறக்கவில்லை. இவை எல்லாம் ஒரே ஏற்பியின் வழியாகச் செயல்படவில்லை. பொதுவாகக் காணப்பட்டது, நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் புறச்செல் சட்டகத்தோடு தொடர்புடைய மரபணுக்களின் செயல்பாட்டில் ஏற்பட்ட மாற்றம். செங்கற்களுக்கு இடையே பூசிய சாந்து ஈரமாக இருக்கும்வரைதான் கல்லை நகர்த்தி வைக்க முடியும், இறுகிவிட்டால் முடியாது. அந்தச் சாந்தை இப்பொருட்கள் சில வாரங்களுக்கு இளக்குகின்றன என்று எண்ணிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விவரத்தைத் தவறவிட்டுவிடக் கூடாது. 2019-ஆம் ஆண்டு ஆய்வில், மற்ற எலிகளோடு இருந்தபோது எம்.டி.எம்.ஏ. பெற்ற எலிகளிடம்தான் அந்தப் பருவம் திறந்தது. தனியே அடைக்கப்பட்டிருந்தபோது பெற்றவற்றிடம் திறக்கவில்லை. ஆகவே, மருந்து நேசத்தைக் கொண்டுவந்து மூளைக்குள் வைக்கிறது என்ற காணொளியின் கூற்று தவறு. கற்றுக்கொள்ளும் நிலையை அது திறக்கிறது. எதைக் கற்றுக்கொள்வது என்பதைச் சூழ இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் ஒருசேர உண்மையாக இருக்க முடிவது இதனால்தான்.

மறுமொழி – மனநலம் மதுரை

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் மனநல மருத்துவன். நரம்பிழை அவர்கள் ஆய்வுக்கூடத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டதால், நோயாளிகளின் பக்கத்திலிருந்து சில செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

மனச்சோர்வு நோய்க்குச் சைலோசைபின் பயன்படுமா என்ற கேள்வி முறையான மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு வருகிறது. 2022-இல் வெளியான சோதனையில், வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுடைய 233 பேர் பங்கேற்றார்கள். ஒரே தடவை 25 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு, 1 மில்லிகிராம் மட்டுமே பெற்றவர்களைக் காட்டிலும் மூன்றாவது வாரத்தில் நோயின் கடுமை கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, வழக்கமான மனச்சோர்வு மருந்தாகிய எஸ்சிடலோபிராமோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனையில், 59 பேரிடம், முதன்மை அளவீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இத்துறைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தமக்குக் கிடைத்தது மருந்தா, வெற்று மாத்திரையா என்பது பங்கேற்பவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது மருத்துவச் சோதனையின் அடிப்படை விதி. சுவர்கள் அலையலையாக அசைவதைக் கண்டவருக்குத் தமக்கு எது கிடைத்தது என்று தெரியாமல் போகாது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கு ஒப்புதல் தர மறுத்தபோது, அதற்கு முன் நடந்த விவாதங்களில் இந்தச் சிக்கல் பெரிதாகப் பேசப்பட்டது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் குறிப்பிட்ட இரண்டு நோய்களுக்கு இவற்றைத் தரலாம் என்று வழிவிட்டிருக்கிறது.

இச்சோதனைகளில் மாத்திரை என்பது சிகிச்சையின் ஒரு பகுதி மட்டுமே. மருந்துக்கு முன் பல மணி நேரம் பேசி நம்பிக்கையை வளர்க்கிறார்கள். மருந்து கொடுக்கும் நாளில் பயிற்சி பெற்றவர்கள் முழு நேரமும் உடனிருக்கிறார்கள். நோயாளி கண்ணை மூடி, இசை கேட்டபடி படுத்திருக்கிறார். பிறகும் பல அமர்வுகள் தொடர்கின்றன. தமக்கோ, நெருங்கிய உறவினருக்கோ மனச்சிதைவு நோயோ இருமுனைய நோயோ இருந்தால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே இந்த முடிவுகளை, ஒரு நண்பன் கையில் திணித்த எல்.எஸ்.டி. தடவிய தாளுக்கோ காளானுக்கோ பொருத்திப் பார்க்கக் கூடாது.

நீங்கள் கேட்ட 'பிறர் பேச்சுக்கு ஆட்படுதல்' மெய்யானது. எல்.எஸ்.டி. கருத்தேற்புத் தன்மையைக் கூட்டுகிறது என்பதை 2015-இல் ஓர் ஆய்வு அளந்தே காட்டியிருக்கிறது. மருத்துவன் என்ற முறையில் என்னை உறங்கவிடாத செய்தி இதுதான். வழக்கமான சிகிச்சையில் என் சொல் பிடிக்கவில்லையென்றால் நோயாளி எழுந்து போய்விடுவார். எதிர்ப்பு முழுவதும் தளர்ந்து கிடக்கும் ஒருவரிடம் நான் சொல்லும் சொல்லுக்கும், என் கை அவர் தோளைத் தொடுவதற்கும் எத்தனை மடங்கு பொறுப்பு வேண்டும்! வெளிநாட்டுச் சோதனை ஒன்றில் சிகிச்சையளிப்பவர்களே எல்லை மீறிய நிகழ்வு வெளிவந்தது. சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டவர்களுக்கு அதுவும் ஒரு தடையாக வந்து நின்றது.

நம் ஊர் நிலையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் மாணவர்கள் இதைக் கேள்விப்படாமல் இருக்கமாட்டார்கள். கொடைக்கானல் மலையில் போதைக் காளான் தேடி வெளியூர் இளைஞர்கள் வருவதும், விற்பவர்கள் கைது செய்யப்படுவதும் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகின்றன. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின், எல்.எஸ்.டி., எம்.டி.எம்.ஏ. மூன்றும் உள்ளன. சட்டத்தை விடவும் அஞ்ச வேண்டியது காளானைத் தவறாக அடையாளம் காண்பது. அமடாக்சின் என்ற நஞ்சுள்ள காளானைத் தின்றவருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேலாக ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, ஒரு நாள் சற்றுத் தெளிந்தது போலத் தோன்றி, அதன் பின் கல்லீரல் செயலிழக்கும். இன்னும் ஒன்று: இருமுனைய நோய்க்கு லித்தியம் உட்கொள்வோர் இப்பொருட்களை எடுத்தபோது வலிப்பு வந்ததாகப் பல பதிவுகள் உள்ளன.

பொருநைக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சூழல்தான் எதைக் கற்பது என்பதைக் கொடுக்கிறது என்று நரம்பிழை அவர்கள் சொன்னது என் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் எலிக்கூண்டின் சூழல் வேறு, மனிதக் கூட்டத்தின் சூழல் வேறு அல்லவா? மனிதர்கள் கூட்டமாக இவற்றைப் பயன்படுத்தியபோது உண்மையில் என்ன நடந்தது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டா?

மறுமொழி – ஏட்டுச்சுவடி

அம்மா, உண்டு, ஆய்வுக்கூடத்தை விட வரலாறு இதில் தெளிவாகவே பேசுகிறது என்பது என் எண்ணம். நான் வரலாறு பயின்றவன்.

மெக்சிகோவின் ஓவாஹாக்கா மலைப்பகுதியில் வாழும் மசாட்டெக் மக்கள் சைலோசைபின் உள்ள காளானைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். வீட்டில் ஒருவர் நோயுற்றால், இரவில், இருளில், உறவினர் சூழ, மருத்துவம் அறிந்த பெண்ணொருவர் பாடிக்கொண்டே நடத்தும் சடங்கில் அதை உண்டார்கள். நோயின் காரணத்தைக் கேட்டறிவதற்காகவே அன்றி, இன்பத்துக்காக அன்று. மரியா சபினா என்ற மூதாட்டி நடத்திய அத்தகைய இரவொன்றில் 1955-இல் கலந்துகொண்ட கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கி அலுவலர், 1957-இல் ஒரு புகழ்பெற்ற இதழில் அதைப் பற்றி எழுதினார். அதன் பின் அவ்வூருக்குக் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டு இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். நோயும் இல்லை, சடங்கும் இல்லை, காளான் மட்டும் இருந்தது. ஊரார் சினம் அந்த மூதாட்டி மீதே திரும்பியது. அவருடைய வீடு எரிக்கப்பட்டது. அதே காளான்தான், ஓர் ஊரை நூற்றாண்டுகளாகக் கட்டிவைத்திருந்தது, அதே ஊரைப் பிளந்தது. படிக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப்போகும் நிகழ்வு இது.

உங்கள் மாணவியின் கேள்வியை ஏறத்தாழ அதே சொற்களில் ஒருவர் 1961-இல் கேட்டார். ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் திமோதி லியரி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கன்கார்ட் சிறையில் 32 கைதிகளுக்குச் சைலோசைபின் கொடுத்துக் குழுவாக உரையாட வைத்தார். விடுதலையான பின் அவர்கள் மீண்டும் குற்றம் செய்வது பெருமளவு குறைந்துவிட்டது என்று அறிவித்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பழைய பதிவேடுகளைத் தேடியெடுத்துச் சரிபார்த்தவர் ரிக் டோப்ளின். இப்பொருட்களை மருத்துவத்துக்குள் கொண்டுவர வாழ்நாள் முழுவதும் உழைப்பவர், அதாவது லியரியின் கூற்று மெய்யாக இருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடியவர். அவர் 1998-இல் வெளியிட்ட முடிவு, அப்படியொரு குறைவு நிகழவே இல்லை என்பது. வெளியே வந்து சில காலமே ஆனவர்களை, நெடுங்காலம் ஆனவர்களின் கணக்கோடு லியரி ஒப்பிட்டிருந்தார். விடுதலையானவர்களுக்கு வெளியில் தொடர்ந்து கிடைத்திருக்க வேண்டிய குழு ஆதரவு போதிய அளவில் நிலைபெறவே இல்லை என்பதையும் டோப்ளின் சுட்டிக்காட்டினார். சிறைக்குள் இளகிய மனம், வெளியே வந்ததும் பழைய தெருவுக்கும் பழைய தோழர்களுக்கும்தான் திரும்பிப் போயிற்று.

இதைவிடக் கொடிய சான்று ஜப்பானில் உள்ளது. 1995 மார்ச் 20 அன்று தோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற அமைப்பு, எல்.எஸ்.டி.யைத் தானே தயாரித்து, தீட்சைச் சடங்கில் தன் உறுப்பினர்களுக்குக் கொடுத்து வந்தது. அவர்களுக்குள் ஒற்றுமை இல்லாமல் இல்லை. குருவின் மீதும் தம் கூட்டத்தின் மீதும் அளவற்ற பிணைப்பு இருந்தது. வெளியே ரயிலில் போய்க்கொண்டிருந்தவர்கள் மீது அந்தப் பிணைப்பில் துளியும் சிந்தவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லையெனில் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். அயவாஸ்கா என்ற அமேசான் பகுதிப் பானத்தை ஒன்றாக அமர்ந்து அருந்திய யூத இஸ்ரேலியர்களையும் பாலஸ்தீனர்களையும் நேர்கண்டு, 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. எதிர்த்தரப்பின் மொழியில் எழுந்த பாடலும் வழிபாடும் தம்மை உலுக்கிவிட்டதாகச் சிலர் சொன்னார்கள்; போரின் துயரத்தை மற்றவர் கண்ணால் கண்டதாகவும் சிலர் சொன்னார்கள். அந்தச் சொற்களை நான் ஐயுறவில்லை. ஆனால் அவர்கள் எதிர்த்தரப்பினரோடு ஒரே அறையில் இரவு முழுவதும் அமர ஏற்கெனவே ஒப்புக்கொண்டு வந்தவர்கள். நம் ஊர்களில் தீராமல் கிடப்பது ஒரே அறையில் சேர்ந்து அமர்வது என்னும் அந்த முதல் காரியம்தான். அதைச் செய்ய எந்தக் காளானும் தேவையில்லை.

பொருநைக்கரை

மூவருக்கும் வணக்கம். இன்று வகுப்பில் அந்தக் காணொளியை விட்டுவிட்டு, எலிச் சோதனையின் இரண்டு கூண்டுகளையும் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். கன்கார்ட் சிறையைப் பற்றியும் சொன்னேன். அமடாக்சினைப் பற்றி டாக்டர் ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மாணவி ஒன்று கேட்டாள்: "டீச்சர், அந்த எலி தன்னோடு ஏற்கெனவே வளர்ந்த எலிகளுடன்தானே அந்தத் துகள்மேல் இருந்தது? வேறு கூண்டு எலிகளோடு விட்டிருந்தால்?" எனக்கு விடை தெரியவில்லை. நரம்பிழை அவர்கள் சொல்ல முடியுமா?

மறுமொழி – நரம்பிழை

அம்மா, அவள் சரியான இடத்தில் கையை வைத்துவிட்டாள். அந்த எலிகள் தம் கூண்டுத் தோழர்களோடுதான் வைக்கப்பட்டிருந்தன. பழகிய துணையின் அருமையை மீண்டும் கற்றுக்கொள்ள முடிகிறது என்பதை அச்சோதனை காட்டியது. பழகாத துணையை ஏற்றுக்கொள்வதைப் பற்றி அது கேட்கவே இல்லை. அந்நிய எலிகளைக் கொண்டு அதே சோதனையை எப்படி அமைப்பாய் என்று அவளிடம் கேளுங்கள். எத்தனை கூண்டுகள் வேண்டும், எந்தெந்த எலிகளுக்கு மருந்து தரக் கூடாது, முடிவு எப்படி வந்தால் தன் எண்ணம் தவறென்று ஒப்புக்கொள்வாள் என்பதை அவள் ஒரு தாளில் எழுதட்டும். எழுதி முடித்ததும் இங்கே பதிவிடுங்கள். வரிக்கு வரி படித்து மறுமொழி எழுதுகிறேன்.